கிளாட் ஆக்கே: பேராசிரியரா, ஆலோசகரா? கேள்வியை யார் கேட்பது?

கரிசல்காரன் | சனி, இரவு 10.20

இந்தக் குழுவில் ஆப்பிரிக்கா பற்றி யாராவது எழுதினால் பெரும்பாலும் நாவலாக இருக்கும், இல்லையென்றால் கால்பந்தாக இருக்கும். எனவே சற்றுத் தயக்கத்தோடுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நான் முனைவர் பட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு, பத்து வருடமாகத் திட்ட மதிப்பீட்டு வேலை பார்க்கிறவன். பேஸ்லைன் சர்வே, எண்ட்லைன் சர்வே, நடுவில் ஒரு மிட்டேர்ம். டி.ஓ.ஆர். (என்ன வேலை, எப்படிச் செய்ய வேண்டும் என்று பணம் தருகிறவர் எழுதித் தரும் வரையறை) வரும், நாள் கணக்குப் போடுவோம், ஊர் ஊராகப் போவோம், ரிப்போர்ட் எழுதிக் கொடுப்போம். கொடுத்த ரிப்போர்ட்டை மறுபடி பார்த்ததே இல்லை. அது அவர்கள் சொத்து என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும்.

கிளாட் ஆக்கேவைத் தற்செயலாகத்தான் வாசித்தேன். நைஜீரியர், அரசியல் அறிவியலாளர். 1939இல் நைஜீரியாவின் எண்ணெய் வளப் பகுதியான நைஜர் டெல்டாவில் ஓமோக்கு என்ற ஊரில் பிறந்தவர். 1966இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். மறு வருடமே அரசியல் ஒருங்கிணைப்பு பற்றி ஒரு புத்தகம். அந்தக் காலத்து அமெரிக்க அரசியல் அறிவியலின் மொழியில், அதன் கருவிகளை வைத்து எழுதியது. புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடு எப்படி ஒன்றாக நிற்கும், எப்படி 'நவீனம்' ஆகும் என்ற கேள்விகள்.

பன்னிரண்டு வருடம் கழித்து, 1979இல், அதே ஆள் 'சமூக அறிவியல் என்னும் ஏகாதிபத்தியம்' என்று பொருள்படும் தலைப்பில் இன்னொரு புத்தகம் எழுதுகிறார். தான் எந்தப் பள்ளியில் படித்தாரோ அந்தப் பள்ளியின் அரசியல் வளர்ச்சிக் கோட்பாட்டையே எடுத்துப் பிரித்துப் போடுகிறார். ஏழை நாடுகளைப் பற்றி நடுநிலை அறிவு போலத் தெரிகிற ஒன்று, உண்மையில் ஏற்கனவே ஒரு பதிலை வைத்துக்கொண்டு கேட்கப்பட்ட கேள்வி என்பது அவர் வாதம்.

அதைப் படித்த அன்று என் கையில் 86 கேள்விகள் கொண்ட ஒரு கேள்வித்தாள் இருந்தது. அதில் ஒன்றுகூட நான் எழுதியது இல்லை.

ஆனால் நான் பேச விரும்புவது 1995 பற்றி. ஷெல் உள்ளிட்ட எண்ணெய் நிறுவனங்களின் பணத்தில் நைஜர் டெல்டாவின் சுற்றுச்சூழல் நிலையை ஆராய ஒரு பெரிய ஆய்வு அந்த வருடம் தொடங்கியது. நைஜர் டெல்டா சுற்றுச்சூழல் ஆய்வு என்று பெயர். அதன் வழிநடத்தும் குழுவில் ஆக்கேயும் சேர்ந்தார். நவம்பர் 10ஆம் தேதி எண்ணெய் மாசுக்கு எதிராகப் போராடிய எழுத்தாளர் கென் சாரோ-விவாவையும், அவரைப் போலவே டெல்டாவின் ஒகோனி இனத்தைச் சேர்ந்த மற்ற எட்டுப் பேரையும் போர்ட் ஹார்கோர்ட் சிறையில் தூக்கிலிட்டார்கள். ஆக்கே குழுவிலிருந்து விலகினார்.

ஏன் சேர்ந்தார், ஏன் விலகினார் என்று இரண்டு கேள்வி. எனக்கு இரண்டாவது எளிது. முதலாவதுதான் தூங்கவிடவில்லை.

---

சந்தேகப்பிராணி | சனி, இரவு 11.05

இரண்டாவது எளிது என்று சொல்வதிலேயே சிக்கல் இருக்கிறது. ஒன்பது பேரைத் தூக்கில் போட்ட பிறகு விலகுவது பெரிய வீரமா? அதற்கு முன்பே ராணுவ ஆட்சிதானே நடந்தது? ராணுவ ஆட்சியாளர் அபாச்சா 1993லேயே வந்துவிட்டார். 1990இலிருந்தே அந்தப் பகுதியில் கிராமங்கள் தாக்கப்பட்டன. இது எல்லாம் தெரிந்துதான் ஆக்கே ஷெல் காசில் நடந்த ஆய்வுக்குள் போனார்.

நான் அவரைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஆலோசகர் என்றால் விலைபோனவர், பேராசிரியர் என்றால் தூய்மையானவர் என்று ஒரு கோடு போட்டுவிட்டு, நமக்குப் பிடித்தவரை அந்தக் கோட்டின் சரியான பக்கம் நிற்கவைக்கிறோம். எகிப்திய இடதுசாரிப் பொருளியலாளர் சமீர் அமீன் 1960 முதல் 1963 வரை மாலி அரசின் திட்டத்துறையில் ஆலோசகர். அதை யாராவது குற்றம் என்பார்களா?

---

எண்ணெய்க்கிணறு | ஞாயிறு, காலை 6.50

ஓமோக்கு என்ற பெயரை இந்தக் குழுவில் பார்ப்பேன் என்று நினைக்கவே இல்லை.

நான் போர்ட் ஹார்கோர்ட்டில் நாலு வருடம் வேலை பார்த்தேன். எண்ணெய் நிறுவனம் இல்லை, அதற்குக் கருவி பராமரிப்பு செய்கிற ஒரு துணை நிறுவனம். பெயர் வேண்டாம். ஓமோக்கு வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன். முன்னால் ஒரு வண்டி, பின்னால் ஒரு வண்டி, நடுவில் நாங்கள். கண்ணாடியை இறக்கக் கூடாது என்பது விதி. அந்த ஊரில் ஒரு முறைகூட நான் தரையில் கால் வைத்ததில்லை. அங்கே இப்படி ஒருவர் பிறந்தார் என்பதே கரிசல் சொல்லித்தான் தெரியும்.

கேஸ் ஃப்ளேர் பற்றிச் சொல்ல வேண்டும். எண்ணெயோடு வரும் எரிவாயுவைப் பிடித்துப் பயன்படுத்தாமல் அப்படியே எரித்துவிடுவார்கள். ராத்திரியில் வானம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். முதல் வாரம் நான் ஏதோ தீ விபத்து என்றுதான் நினைத்தேன். ஃப்ளேருக்குப் பக்கத்தில் இருக்கிற ஊரில் இருட்டு என்பதே கிடையாது. வீட்டில் கரண்ட்டும் கிடையாது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் போதும், டெல்டா அரசியல் பாதி புரிந்துவிடும்.

சந்தேகம் சார் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஊர்க்காரனாக யோசித்துப் பாருங்கள். 1956இல் ஒலோய்பிரியில் எண்ணெய் கண்டுபிடித்தார்கள். 1995 வரை, கிட்டத்தட்ட நாற்பது வருடம், டெல்டா முழுவதையும் சேர்த்து ஒரு சுற்றுச்சூழல் ஆய்வு நடக்கவில்லை. எவ்வளவு மண் கெட்டது, எவ்வளவு மீன் செத்தது என்பதற்கு ஊர்க்காரரிடம் ஆதாரம் இல்லை. "எங்கள் தண்ணீர் கெட்டுப்போச்சு" என்றால் "டேட்டா எங்கே" என்பார்கள். டேட்டா எடுக்கக் காசு இருந்தது எண்ணெய்க் கம்பெனியிடம் மட்டும். அப்படி ஒரு ஆய்வு வந்தால், வெளியாள் எவனோ உட்காருவதற்குப் பதில் நம்ம ஆள் உள்ளே இருக்கட்டும் என்றுதான் எனக்கும் தோன்றியிருக்கும்.

---

மூக்குக்கண்ணாடி | ஞாயிறு, காலை 11.30

ஓய்வுபெற்ற சமூகவியல் வாத்தியார் என்ற முறையில் கொஞ்சம் பின்னணி சேர்க்கிறேன். நீளமாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆக்கேயின் மாற்றம் 1967க்கும் 1979க்கும் நடுவில் தானாக நிகழவில்லை. இடையில் அவர் கனடாவில் கார்ல்டன் பல்கலைக்கழகத்திலும், கிழக்கு ஆப்பிரிக்காவில் நைரோபியிலும் தார் எஸ் ஸலாமிலும் கற்பித்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் தான்சானியாவின் தார் எஸ் ஸலாம் பல்கலைக்கழகம் சாதாரண இடமில்லை. வால்ட்டர் ராட்னி அங்கே வரலாறு சொல்லிக்கொடுத்தார். இஸ்ஸா ஷிவ்ஜி அங்கே சட்டம். உகாண்டாவில் இடி அமீன் 1972இல் ஆசியர்களை வெளியேற்றியபோது தலைநகர் கம்பாலாவை விட்டு வந்த அரசியல் அறிவியலாளர் மஹ்மூத் மம்தானி அடுத்த வருடம் அங்கே சேர்ந்தார். தான்சானியா அரசு கிராமக் கூட்டுறவை அடிப்படையாகக் கொண்ட 'உஜமா' சோஷலிசம் பேசியது. வளாகத்துக்குள் இவர்கள் அது சோஷலிசமே இல்லை என்று அரசோடும், பிறகு தங்களுக்குள்ளும் சண்டை போட்டார்கள். காரசாரமான இடம். கேள்விகளை அங்கேயே உருவாக்கினார்கள், யாரும் அனுப்பித் தரவில்லை.

ஆக்கே அதன் பிறகு நைஜீரியா திரும்பி, புதிதாகத் தொடங்கிய போர்ட் ஹார்கோர்ட் பல்கலைக்கழகத்தில் சமூக அறிவியல் புலத்தின் முதல் டீன் ஆனார். ஊருக்குப் பக்கத்தில். இது எண்ணெய் விலை உச்சத்தில் இருந்த காலம். நைஜீரியப் பேராசிரியர் என்றால் நல்ல சம்பளம், வீடு, கார்.

அப்புறம்தான் அடி. எண்ணெய் விலை சரிந்தது. 1986இல், அரசுச் செலவைக் குறைத்து நாணய மதிப்பைச் சந்தைக்கு விடும் கட்டமைப்புச் சீரமைப்புத் திட்டம் வந்தது, நைஜீரிய நாணயமான நைராவின் மதிப்பு வீழ்ந்தது. 1985இல் ஒரு டாலருக்கு ஒரு நைராகூட ஆகவில்லை. 1994இல் அரசின் அதிகாரப்பூர்வ விலையே 22 நைரா. கள்ளச் சந்தையில் அதைவிட மிக அதிகம். சம்பளம் அதே நைராவில்தான். ஒரு வெளிநாட்டு ஆய்விதழுக்குச் சந்தா கட்ட முடியாத நிலைக்குப் பல்கலைக்கழக நூலகங்கள் வந்தன. ஆசிரியர் சங்கம் போராடியது, அரசு 1988இல் அதைத் தடைசெய்தது.

அதே காலத்தில் உலக வங்கி, ஆரம்பக் கல்விக்குச் செலவிட்டால் கிடைக்கும் பலன் உயர்கல்விக்குச் செலவிட்டால் கிடைப்பதைவிட அதிகம் என்று கணக்குக் காட்டியது. அரசுகள் பல்கலைக்கழகங்களுக்கான பணத்தைக் குறைக்க இது வசதியான காரணமானது. பல்கலைக்கழகத்தில் காசில்லை. ஆனால் அதே உலக வங்கியும் நன்கொடை அமைப்புகளும் தங்கள் திட்டங்களுக்கு ஆய்வறிக்கை வேண்டும் என்று டாலரில் கூலி தந்தன. இரண்டு வாரக் கன்சல்டன்சி ஒரு வருடச் சம்பளத்தைத் தாண்டும். வீட்டில் மூன்று பிள்ளைகள் இருக்கிற ஒரு விரிவுரையாளர் என்ன செய்வார்?

ஆப்பிரிக்கக் கல்வியாளர்களின் கன்சல்டன்சி மோகம் பற்றிப் பேசும்போது அது ஆசையில் தொடங்கவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. பசியில் தொடங்கியது.

---

கரிசல்காரன் | ஞாயிறு, பகல் 12.10

சார், கடைசி வரியை என் டேபிளில் ஒட்டிக்கொள்ளப் போகிறேன்.

---

வடமராட்சி | ஞாயிறு, மாலை 5.45

மூக்குக்கண்ணாடி ஐயா சொன்ன பசி விளங்குது. ஆனால் பசி முடிந்த பிறகும் பழக்கம் போகாது என்பதையும் சேர்க்க வேணும்.

சுனாமிக்குப் பிறகு நான் இங்கே ஒரு தொண்டு நிறுவனத்தில் கள உத்தியோகத்தராக இருந்தேன். அப்போது எங்கட பகுதியில் பட்டதாரி என்றாலே ஆய்வு உதவியாளர்தான். ஒரே முகாமுக்கு ஒரே கிழமையில் மூன்று குழு போனதை நான் கண்டிருக்கிறேன், மூன்றிடமும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். ஒரு அம்மா என்னைக் கண்டதும், நான் வாய் திறக்க முதலே, "குடும்பத்தில் ஐந்து பேர், இரண்டு பேர் இல்லை, வள்ளம் போச்சு, வலை போச்சு" என்று ஒப்புவித்தார். அந்தக் குரலில் ஒன்றுமே இல்லை. அது என்னை விட்டுப் போகவே இல்லை.

மம்தானி பற்றிச் சொன்னீர்கள். அவர் பின்னாளில் இதைப் பற்றி எழுதியது என்ன என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கோ ஐயா. அரைகுறையாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

---

மூக்குக்கண்ணாடி | திங்கள், காலை 9.15

மம்தானி பிறந்தது பம்பாயில், 1946இல். வளர்ந்தது கம்பாலா. கன்சல்டன்சி பற்றிய அவருடைய 2011 உரைக்குப் போகும் முன், மக்கள்தொகைக் கட்டுப்பாடு பற்றிய அவருடைய 1972 புத்தகத்துக்குப் போகிறேன். அதில் நம் ஊர்க் கதை இருக்கிறது.

ஹார்வர்ட் ஆட்கள் ஐம்பதுகளில் பஞ்சாபில் கன்னா என்ற ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆய்வு ஒன்று நடத்தினார்கள். ராக்கஃபெல்லர் அறக்கட்டளைப் பணமும் அதில் உண்டு. வீடு வீடாகப் போய்க் கருத்தடை மாத்திரை கொடுத்தார்கள். விழுங்கும் மாத்திரை அல்ல, நுரைக்கும் வகை. பெரும்பாலானோர் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் பிறப்பு விகிதத்தில் எதிர்பார்த்த மாற்றம் இல்லை. பல வருடம் கழித்து மம்தானி அந்தக் கிராமங்களில் ஒன்றான மானுப்பூருக்குப் போய் ஏன் என்று கேட்டார்.

கிடைத்த பதில், இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள், நல்ல மனிதர்கள், முகம் கோணாமல் வாங்கி வைத்துக்கொண்டோம் என்பதுதான். விருந்தாளி மனம் நோகக் கூடாது! ஒருவர் மாத்திரை டப்பாக்களை அடுக்கி அறைக்கு அலங்காரமே செய்து வைத்திருந்தார். ஆய்வாளர்களின் ஏட்டில் இவர்கள் எல்லாம் 'ஏற்றுக்கொண்டவர்கள்'.

நிலத்தை நம்பி வாழும் குடும்பத்துக்குப் பிள்ளை என்பது வேலைக்கு ஒரு கை என்பது மம்தானியின் விளக்கம். நிறையப் பிள்ளை பெற்றதால் ஏழையானார்கள் என்று ஆய்வாளர்கள் நினைத்தார்கள். ஏழையாக இருப்பதால்தான் பிள்ளை வேண்டியிருக்கிறது என்று கிராமம் சொன்னது. இந்த விளக்கத்தின் மீது விமர்சனங்கள் உண்டு, அது வேறு விஷயம். ஆறு வருடத்துக்கு மேல் நடந்த ஒரு பெரிய ஆய்வு, "உங்களுக்கு இது வேண்டுமா" என்ற கேள்வியை உருப்படியாகக் கேட்கவில்லை. ஏனென்றால் அதற்கான பதில் திட்டத்திலேயே எழுதப்பட்டுவிட்டது.

இப்போது 2010. மம்தானி கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்து உகாண்டாவுக்குத் திரும்பி, கம்பாலாவின் மக்கெரெரே பல்கலைக்கழகத்தில் உள்ள மக்கெரெரே சமூக ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் ஆகிறார். அது 1948இல் பிரிட்டிஷ் காலனிய அரசு நிறுவிய ஆய்வு நிலையம். ஆனால் அவர் போனபோது அங்கே ஆய்வு என்றால் பெரும்பாலும் கன்சல்டன்சிதான். 2011 உரையில் அவர் வைத்த வாதத்தை என் சொற்களில் சொல்கிறேன். ஆய்வு என்பது கேள்வியை உருவாக்குவதில் தொடங்குகிறது. கன்சல்டன்சி, யாரோ உருவாக்கிய கேள்விக்குப் பதில் தேடுவதில் தொடங்குகிறது. முழு நாடும் பதில் தேடுகிறவர்களால் நிறைந்தால், ஆப்பிரிக்கா தகவலைக் கச்சாப்பொருளாக ஏற்றுமதி செய்யும், வெளியே அது கோட்பாடாகப் பதப்படுத்தப்பட்டு நமக்கே திரும்பி வரும். பருத்தியை அனுப்பிவிட்டுத் துணி வாங்குகிற அதே கதை. பெனின் நாட்டுத் தத்துவவாதி பாலின் ஹூண்டோண்ஜி இதே பொருளாதார ஒப்புமையை இன்னும் முன்பே விரித்து எழுதியிருக்கிறார்.

மருந்தாக மம்தானி கொண்டுவந்தது பாடவேலையோடு கூடிய முழுநேர முனைவர் பட்டப் படிப்பு, 2012இலிருந்து. முதல் ஆண்டுகளில் ஆய்வு மாணவர் கோட்பாட்டைப் படித்தாக வேண்டும், களத்துக்கு ஓடக் கூடாது.

---

சந்தேகப்பிராணி | திங்கள், காலை 10.00

அங்கேயும் அடிதடி நடந்ததே, அதையும் சொல்லுங்கள் ஐயா. ஆய்வாளராகச் சேர்ந்த ஸ்டெல்லா நியான்சியை அந்தப் படிப்பில் பாடம் எடுக்கச் சொன்னார்கள், என் ஒப்பந்தம் ஆய்வுக்குத்தான் என்று அவர் மறுத்தார், அறையைப் பூட்டினார்கள். 2016இல் அவர் ஆடை களைந்து போராட்டம் செய்தது உலகச் செய்தி. உயர்ந்த கொள்கைக்குப் பின்னால் நிர்வாகம் என்று ஒன்று இருக்கும், அது எல்லா ஊரிலும் ஒரே மாதிரி.

இன்னொன்று. மம்தானியும் ஒரு காலத்தில் அரசு வேலை செய்தவர்தான். உகாண்டா அதிபர் முசெவேனி 1986இல் ஆட்சிக்கு வந்தபின் அமைத்த உள்ளாட்சி விசாரணைக் குழுவுக்கு அவர்தான் தலைவர். கேள்வி அரசுடையது, காசு அரசுடையது. பத்து வருடம் கழித்து, 1996இல் வந்த அவருடைய மிக முக்கியமான புத்தகம் காலனிய அரசு கிராமத்தைத் தலைவர்கள் மூலம் எப்படி ஆண்டது என்பதைப் பற்றியது. மாவட்டம் மாவட்டமாக அந்தக் குழுவோடு அலையாமல் இருந்திருந்தால் அந்தப் புத்தகம் வந்திருக்குமா? வந்திருக்காது என்பது என் ஊகம்.

ஆகக் கேள்வி யாருடையதாக இருந்தாலும், அங்கே போய் என்ன பார்க்கிறோம் என்று ஒன்று இருக்கிறது. கரிசல், உங்கள் 86 கேள்விகளுக்கு நடுவில் நீங்கள் பார்த்ததை எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்?

---

கரிசல்காரன் | திங்கள், இரவு 9.30

எங்கேயும் இல்லை. அதுதான் உண்மை. டேப்லட்டில் 'இதர குறிப்புகள்' என்று ஒரு கட்டம் உண்டு, 200 எழுத்துக்கு மேல் ஏற்காது.

ஆக்கே விஷயத்துக்கு வருகிறேன். நேற்று அவருடைய 'ஆப்பிரிக்காவில் ஜனநாயகமும் வளர்ச்சியும்' புத்தகத்தை மறுபடி புரட்டினேன். 1996இல் வாஷிங்டன் புரூக்கிங்ஸ் நிறுவனம் வெளியிட்டது. அதன் மைய வாதம் எல்லோரும் அடிக்கடி எடுத்தாள்வதுதான்: வளர்ச்சி தோற்றுப்போய்விட்டது என்பதல்ல பிரச்சினை, அது உண்மையில் ஒருபோதும் முயற்சி செய்யப்படவே இல்லை என்பதுதான். சுதந்திரத்துக்குப் பின் வந்த தலைவர்களுக்கு ஆட்சியில் நீடிப்பதே முழுநேர வேலையாக இருந்தது. வளர்ச்சி வெளிநாட்டு ஆலோசகர்களிடமும் நன்கொடையாளர்களிடமும் விடப்பட்டது.

எங்கள் தொழிலில் 'ஏன் இத்திட்டம் தோல்வியடைந்தது' என்பதுதான் நிரந்தரத் தலைப்பு. இவர் தலைப்பையே மாற்றிவிடுகிறார். அப்படி மாற்ற எந்த டி.ஓ.ஆரும் அனுமதிக்காது.

இதை எழுதிய நபர் வெறும் புத்தகப் பூச்சியும் இல்லை. 1991இல் போர்ட் ஹார்கோர்ட்டிலேயே உயர் சமூக அறிவியல் மையம் என்று ஒரு தனி ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். லாகோஸிலோ அபுஜாவிலோ இல்லை. சீரழிந்துகொண்டிருந்த பல்கலைக்கழகத்துக்கு வெளியே, ஆனால் அதே ஊரில். வெளிநாட்டுக்கு ஓடிப்போகிற வாய்ப்பு அவருக்கு எப்போதும் இருந்தது, யேலில் வருகைப் பேராசிரியராகவும் இருந்தார். இருந்தும் திரும்பத் திரும்ப அந்த ஊருக்கே வந்தார்.

---

எண்ணெய்க்கிணறு | திங்கள், இரவு 10.40

அங்கே அலுவலகம் நடத்துவது என்றால் என்ன என்று சொல்லவா? கரண்ட்டுக்கு ஜெனரேட்டர், தண்ணீருக்கு போர்வெல், காவலுக்கு ஆள். டீசல் விலையேறினால் அந்த மாதம் எல்லாம் நின்றுபோகும். எண்ணெய் கொழிக்கிற ஊரில் டீசலுக்கு வரிசை. சமூக அறிவியல் மையம் நடத்துகிறவர் பாதி நேரம் டீசல் மேலாளராக இருந்திருப்பார், சந்தேகமே இல்லை.

அவர் எப்படி இறந்தார் என்று யாரும் சொல்லவில்லையே. என் நைஜீரியச் சக ஊழியர் ஒருவர் அது விபத்து இல்லை என்று அடித்துச் சொல்வார்.

---

மூக்குக்கண்ணாடி | செவ்வாய், காலை 8.00

1996 நவம்பர் 7. போர்ட் ஹார்கோர்ட்டிலிருந்து லாகோஸ் போன ஏடிசி நிறுவனத்தின் போயிங் 727 லாகோஸை நெருங்கும்போது எஜிரின் அருகே நீர்ப்பரப்பில் விழுந்தது. இருந்த 140க்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. சாரோ-விவா தூக்கிலிடப்பட்டு ஒரு வருடம் ஆக மூன்று நாள் பாக்கி.

தேதி இப்படி அமைந்ததாலும், அபாச்சா ஆட்சியில் எதையும் நம்பலாம் என்ற நிலை இருந்ததாலும் வதந்தி கிளம்பியதில் வியப்பில்லை. ஆனால் எதிரே வந்த இன்னொரு விமானத்தைத் தவிர்க்கத் திருப்பியபோது விமானி கட்டுப்பாட்டை இழந்தார் என்பதே தெரிந்த விவரம். வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் குளறுபடி. ஒருவரைக் கொல்ல அத்தனை பேர் இருந்த விமானத்தை வீழ்த்தினார்கள் என்பதைவிட, அரசாங்கம் என்று ஒன்று ஒழுங்காக இயங்காததால் இறந்தார்கள் என்பது எனக்கு அதிகம் நம்பக்கூடியதாக இருக்கிறது. அவர் வாழ்நாள் முழுக்க எழுதியதும் அந்த அரசைப் பற்றித்தான்.

வயது 57. ஜனநாயகம் பற்றிய அவருடைய கடைசிக் கையெழுத்துப்படியை செனகல் தலைநகர் டக்காரில் உள்ள கோடெஸ்ரியா 2000இல் புத்தகமாக்கியது. கோடெஸ்ரியா ஆப்பிரிக்க சமூக அறிவியலாளர்கள் 1973இல் தங்களுக்கென்று நிறுவிக்கொண்ட அமைப்பு. ஆக்கே அதன் தலைவராகவும் இருந்திருக்கிறார்.

---

வடமராட்சி | செவ்வாய், மாலை 6.20

கோடெஸ்ரியாவில் தாண்டிகா மகண்டவீரே என்று ஒருவர் இருந்தாரே? என்னுடைய பழைய மேலாளர், ஒரு கானா நாட்டுக்காரர், அவர் பெயரைச் சொல்லாமல் ஒரு கூட்டத்தையும் முடிக்க மாட்டார்.

---

மூக்குக்கண்ணாடி | செவ்வாய், இரவு 8.50

மகண்டவீரே மலாவிக்காரர், 1940இல் பிறந்தவர், பொருளியலாளர். இளமையில் பத்திரிகையாளர். அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார், மலாவி அதிபர் பண்டாவின் ஆட்சி அவரை நாடு திரும்ப முடியாமல் செய்துவிட்டது. சுவீடன் அடைக்கலம் தந்தது. பண்டா 1994இல் தேர்தலில் தோற்கும் வரை, சுமார் முப்பது வருடம், சொந்த ஊர் இல்லாத மனிதர். அந்த நிலையில்தான் 1986 முதல் 1996 வரை கோடெஸ்ரியாவின் செயலாளராக இருந்து, கண்டம் முழுக்க இளம் ஆய்வாளர்களுக்குச் சிறு நிதி, பயிற்சி, வெளியீடு என்று உயிர் கொடுத்தார். பிறகு ஜெனீவாவில் ஐ.நா.வின் சமூக வளர்ச்சி ஆய்வு நிறுவனத்துக்கு இயக்குநர், 1998 முதல் 2009 வரை. அப்புறம் லண்டன் பொருளியல் கல்லூரி. 2020 மார்ச்சில் ஸ்டாக்ஹோமில் காலமானார்.

1995இல் அவர் ஒரு சிறு குறிப்பு எழுதினார். ஆப்பிரிக்கக் கல்வியாளர்களை மூன்று தலைமுறையாகப் பிரித்தார். முதல் தலைமுறை வெளிநாடு போய்ப் படித்து ஊர் திரும்பியது. இரண்டாவது வெளிநாடு போய்ப் படித்து அங்கேயே தங்கியது. மூன்றாவது, ஊரிலேயே, புத்தகமில்லாத நூலகங்களில் படித்து வந்தது. ஆக்கே முதல் தலைமுறை. மக்கெரெரேயில் கன்சல்டன்சி எழுதியவர்களில் பெரும்பகுதி மூன்றாம் தலைமுறை.

இதனால்தான் மம்தானியின் வாதத்தை நான் முழுதாக ஏற்றாலும் நெஞ்சில் ஒரு முள் இருக்கிறது. கொலம்பியாவில் நாற்காலி வைத்திருப்பவர், மூன்றாம் தலைமுறையைப் பார்த்து "கோட்பாடு படி, கன்சல்டன்சியை விடு" என்பது சரியான பேச்சு, ஆனால் சுலபமான இடத்திலிருந்து வருகிற பேச்சு. அதை அவரும் அறிந்திருப்பார். அதனால்தான் சும்மா உபதேசம் செய்யாமல் உதவித்தொகையோடு படிப்பையும் தொடங்கினார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

---

சந்தேகப்பிராணி | செவ்வாய், இரவு 9.40

சரி, என் முதல் பதிவில் இருந்த சூட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். ஆக்கே சேர்ந்ததற்குக் கிணறு அண்ணன் சொன்ன காரணம் எனக்குப் பொருந்துகிறது. அவர் வெளிநாட்டு நிபுணராகப் போகவில்லை, ஆய்வுக்குள்ளாகும் ஊரின் ஆளாகப் போனார். அங்கே ஒரு நாற்காலி கிடைத்தால் கேள்வியைக் கொஞ்சமாவது வளைக்கலாம் என்று நினைத்திருப்பார்.

அப்புறம் ஒன்பது பேர் தூக்கில் தொங்கிய பிறகு, அந்த நாற்காலிக்கு என்ன பொருள்? ஊர் வாயைத் திறந்தால் கயிறு என்று ஆன பின், ஊர் சார்பாக யார் என்ன கேட்க முடியும்? டெல்டாவில் கம்பெனிக்கும் ராணுவத்துக்கும் இருந்த உறவை 'வணிகத்தை ராணுவமயமாக்குதல்' என்று சொன்னவரே அவர்தான். விலகாமல் இருந்திருந்தால் அந்தச் சொல் அவர் மேலேயே திரும்பியிருக்கும்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. விலகியதால் என்ன நடந்தது? ஆய்வு நின்றதா?

---

எண்ணெய்க்கிணறு | புதன், காலை 7.10

அவர் இல்லாமலும் ஆய்வு நடந்தது. ஆனால் ஊர்க்காரர் யாரும் அதை ஆதாரமாக மேற்கோள் காட்டி நான் கேட்டதில்லை. அவர்கள் வாயில் இருந்த ரிப்போர்ட் வேறு.

2011இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு ஒகோனிலாண்ட் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. முழுமையாகச் சுத்தம் செய்ய 25 முதல் 30 வருடம் ஆகலாம், தொடக்கமாக 100 கோடி டாலர் நிதி வேண்டும் என்றது. ஓர் ஊரில் குடிநீர்க் கிணறுகளில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன் அளவு உலக சுகாதார நிறுவன வரம்பைப் போல 900 மடங்குக்கும் மேல். எங்கள் கேம்ப் டிரைவர், பத்தாவது வரை படித்தவர், இந்த 900 என்ற எண்ணை மனப்பாடமாகச் சொல்வார். வேறு எந்த எண்ணும் சொல்ல மாட்டார். ஊர்க்காரர் நாற்பது, ஐம்பது வருடமாகச் சொன்னதைத்தான் அந்த அறிக்கையும் சொன்னது, ஆனால் எண்ணோடு சொன்னது. அதுவும் ஒரு கன்சல்டன்சி மாதிரிதான், செலவை ஏற்றதில் ஷெல்லும் உண்டு. வித்தியாசம், அறிக்கை எல்லோருக்கும் கிடைத்தது.

---

வடமராட்சி | புதன், மாலை 4.30

அந்தக் கடைசி வசனம்தான் எனக்கும். எங்கட முகாமில் எடுத்த ஒரு அறிக்கையையும் அந்தச் சனம் காணவில்லை. ஆங்கிலத்தில் எழுதி, கொழும்புக்குப் போய், அங்கேயிருந்து வேறெங்கோ போனது. ஆக்கே போலப் பெரிய கோட்பாடு எழுதவோ பதவி விலகவோ எங்களுக்கு இடமில்லை. ஆனால் நாலு பக்கம் தமிழில் எழுதி அந்த அம்மாவிடம் கொடுத்திருக்கலாம். எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

---

கரிசல்காரன் | சனி, காலை 11.00

நாலு நாள் களத்தில் இருந்தேன், அதனால் தாமதம்.

வடமராட்சி எழுதியதைப் படித்துவிட்டு என் கிளையண்டுக்கு ஒரு மெயில் போட்டேன். ரிப்போர்ட்டின் சுருக்கத்தைத் தமிழில் அச்சடித்து, சர்வே எடுத்த ஊர்களுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டேன். ஒரு நாள் பதில் இல்லை. நேற்று வந்தது: பட்ஜெட்டில் அதற்கு இடமில்லை, தனிநபர் விவரம் எதுவும் இல்லாமல், எங்கள் ஒப்புதலோடு, உங்கள் சொந்தச் செலவில் செய்வதானால் ஆட்சேபம் இல்லை.

கணக்குப் போட்டேன். எட்டுப் பக்கம், 14 ஊர், ஊருக்கு இருபது பிரதி. ஜெராக்ஸ் கடையில் ஐயாயிரத்துக்குள் முடிந்துவிடும். எழுதத்தான் திணறுகிறேன். ஆங்கிலத்தில் சரசரவென்று வருவது தமிழில் வர மறுக்கிறது. எழுதியதை என் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். மூன்றாவது வரியில் நிறுத்தி, "இந்த பேஸ்லைன் பேஸ்லைன்னு சொல்றியே, அது என்னடா?" என்றார். 'அடிப்படை நிலை ஆய்வு' என்றேன். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அது இன்னும் மோசம்.

யாருக்காவது நல்ல சொல் தெரிந்தால் சொல்லுங்கள்.

---

எண்ணெய்க்கிணறு | சனி, காலை 11.25

"வேலை தொடங்குறதுக்கு முன்னாடி ஊர் எப்படி இருந்துச்சு" என்று போடுங்கள் தம்பி.